அம்மா தனியாக இருக்கிறார்... பத்திரமாக இருக்கிறாரா?

போன மாதம் ஒரு திங்கட்கிழமை. கிளினிக்கில் நல்ல கூட்டம். எழுபத்தைந்து வயதுப் பெரியவர் ஒருவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார் அவருடைய மருமகள்.

"மாமா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க டாக்டர். நாலு நாளாச்சு. நடக்கறாங்க, ஆனா நடு முதுகுல வலிங்கறாங்க. ஏதாவது தைலம் குடுத்தீங்கன்னா நல்லா நீவி விட்டுடறேன்."

நான் தைலம் கொடுக்கவில்லை. எக்ஸ்ரே எடுத்து வரச் சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு ஏமாற்றம். 'சித்த வைத்தியர்னு வந்தா இவரும் எக்ஸ்ரேதான் கேக்கறார்' என்று முகத்தில் எழுதியிருந்தது. மாலையில் படத்தோடு வந்தார்கள். முதுகெலும்பில் ஒரு எலும்பு நசுங்கியிருந்தது. நானும் தைலத்தைக் கொடுத்து, அவரும் அழுத்தி நீவியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எலும்பு மருத்துவரிடம் அனுப்பி வைத்தேன்.

"எப்படி விழுந்தார்?" என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் சொல்லும் பதில் ஒன்றுதான். "வயசாயிடுச்சுல்ல டாக்டர்..."

வயசானவர்கள் எல்லோரும் விழுவதில்லை. விழுகிறவர்களுக்கு ஒரு காரணம் இருக்கும். பெரும்பாலும் ஒன்றல்ல, மூன்று நான்கு காரணங்கள் ஒரே நேரத்தில் கைகோத்துக் கொள்ளும். அந்தப் பெரியவரையே எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குச் சிறுநீருக்கு எழுந்திருக்கிறார். பேரன் தூக்கம் கெடுமே என்று லைட் போடவில்லை. வாசலில் கால்மிதியாகப் பழைய சேலைத் துணி. இரண்டு வாரமாகப் புதிதாக ஒரு பிரஷர் மாத்திரை. இதில் ஏதாவது ஒன்றைச் சரி செய்திருந்தாலே அன்றைக்கு விழாமல் தப்பியிருக்கலாம்.

ஊருக்கு உபதேசம் சொல்கிற நான் இதை எங்கே கற்றுக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன் நான். ஆனால் இந்தப் பாடம் அங்கே கிடைத்ததல்ல. என் அம்மாவிடம் கிடைத்தது.

நான் கொடுத்த எண்ணெய்

அப்பா காலமான பிறகு அம்மா எங்கள் கிராமத்து வீட்டில் தனியாகவே இருந்தார். 2016-ல் அவருக்கு வயது 74. முழங்கால் வலி, தூக்கமின்மை. நான்தான் அரக்குத் தைலம் அனுப்பி, நாலு நாளைக்கு ஒரு தடவை எண்ணெய் முழுக்குப் போடச் சொன்னேன். அதற்கு ஆறு மாதம் முன்பு, 'அம்மாவுக்குச் சுத்தம் பண்ண வசதியாக இருக்கட்டும்' என்று குளியலறையின் பழைய சிமெண்ட் தரையைப் பெயர்த்துவிட்டு, பளபளவென்று டைல்ஸ் போட்டுக் கொடுத்தவனும் நானே.

எண்ணெய் தேய்த்த பாதம், ஈரமான டைல்ஸ், மேலே அரப்புத் தூள். இனி சொல்ல வேண்டுமா? வலது மணிக்கட்டு முறிந்தது. கையை ஊன்றி விழுந்ததால் இடுப்பு தப்பியது. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தார். பக்கத்து வீட்டு அக்கா சத்தம் கேட்டு வந்து, ஆள் கூப்பிட்டுக் கதவை உடைத்துத் திறக்க முக்கால் மணி நேரம் ஆகியிருக்கிறது.

தம்பி சென்னையிலிருந்து ஓடி வந்தான். "இனிமே ஒரு நாள் கூட இங்க விடக்கூடாதுண்ணே. நான் கூட்டிட்டுப் போறேன்" என்றான். நானும் தலையாட்டினேன். குற்ற உணர்ச்சி! அம்மா மட்டும் மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "ய்யா, நான் இங்கனயே இருந்துக்கிடுதேன். அங்க மூணாவது மாடியில நாலு சுவத்தப் பாத்துக்கிட்டு நான் என்ன செய்ய? விழுந்தது நானா, அந்த ரூமா? அந்த ரூமச் சரி பண்ணுங்க."

மூன்று நாள் வாக்குவாதம். கடைசியில் அம்மா ஜெயித்தார். ஒரு நிபந்தனையோடு: வீட்டை நான் சொல்கிறபடி மாற்ற வேண்டும். அப்படி மாற்றியதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். எல்லோருடைய அம்மாவும் தனியாக இருக்கலாம் என்று நான் சொல்லவில்லை. மறதி நோய் முற்றியவர்கள், அடுப்பை அணைக்காமல் போகிறவர்கள், வழி தெரியாமல் வெளியே போய்விடுகிறவர்கள் தனியாக இருக்கக் கூடாது. ஆனால் ஒரு தடவை விழுந்ததற்காகவே வேரோடு பிடுங்கி வேறு ஊரில் நடுவது சரியா என்று யோசியுங்கள். சென்னை ஃப்ளாட்டிலும் பாத்ரூம் உண்டு, அங்கும் டைல்ஸ்தான்!

முதலில் குளியலறை

வீட்டிலேயே ஆபத்தான அறை இதுதான். தண்ணீர், சோப்பு, சீயக்காய், எண்ணெய் நாலும் கூடுகிற இடம்.

தரையைப் பெயர்க்க முடியாவிட்டால் சொரசொரப்பான ரப்பர் விரிப்பு வாங்கிப் போடுங்கள். அடியில் உறிஞ்சிப் பிடிக்கிற மாதிரி இருக்க வேண்டும். வாரம் ஒரு முறை தூக்கி, அடியில் பாசி பிடிக்காமல் கழுவ வேண்டும். கழுவாவிட்டால் விரிப்பே எமன். கொல்லையில் துணி துவைக்கிற கல்லைச் சுற்றி மழைக்காலத்தில் பச்சைப் பாசி படியும். பிளீச்சிங் பவுடர் தூவித் தேய்ப்பது இளையவர்கள் வேலை. பெரியவர்களிடம் விடாதீர்கள்.

அடுத்தது கைப்பிடிக் கம்பி. டவல் மாட்டுகிற கம்பியை நம்பவே கூடாது. அது ஒரு டவலைத் தாங்கத்தான் செய்தது, அறுபது கிலோ ஆளைத் தாங்க அல்ல. ஒன்றேகால் முதல் ஒன்றரை அங்குல கனமுள்ள ஸ்டீல் கம்பியை, செங்கல் சுவரில் ஆழமாகத் துளை போட்டுப் பொருத்தச் சொல்லுங்கள். எந்த உயரம்? பெரியவரையே உள்ளே அழைத்துப் போய், உட்கார்ந்து எழுந்து காட்டச் சொல்லுங்கள். கை தானாக எங்கே போகிறதோ அங்கே சாக்பீஸால் கோடு போடுங்கள். அதுதான் உயரம். கொத்தனார் தன் உயரத்துக்கு வைத்துவிட்டுப் போய்விடுவார், ஜாக்கிரதை! அம்மாவுக்கு இரண்டு கம்பி வைத்தோம். ஒன்று கழிப்பறையில், ஒன்று குளிக்கிற இடத்தில். இரண்டாவதில் இப்போது ஈரத் துண்டைக் காயப் போடுகிறார். எத்தனை தடவை சொல்லியும் கேட்கவில்லை.

குளிக்கும்போது உட்கார்ந்து குளிப்பதே நல்லது. முக்காலி வேண்டாம், முதுகு சாய்கிற, கால் அகலமான பிளாஸ்டிக் நாற்காலி போதும். பக்கெட்டை நாற்காலி உயரத்துக்கு ஒரு பலகை மேல் வையுங்கள், குனிய வேண்டாம். குத்துக்காலிட்டு உட்கார முடியாதவர்களுக்கு மேல்நாட்டுக் கழிப்பறை கட்ட வசதியில்லையென்றால், நடுவில் ஓட்டை வைத்த நாற்காலி சர்ஜிகல் கடைகளில் கிடைக்கிறது. இருக்கிற கழிப்பறை மேலேயே போட்டுக்கொள்ளலாம்.

கதவு! இதைப் பலர் நினைப்பதே இல்லை. உள்பக்கமாகத் திறக்கிற கதவுக்குப் பின்னால் ஒருவர் விழுந்து கிடந்தால் வெளியிலிருந்து திறக்க முடியாது. தச்சரை அழைத்து வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றுங்கள். உள்தாழ்ப்பாளை எடுத்துவிட்டு, 'ஆள் இருக்கிறது' என்பதற்கு வெளியே ஒரு துணியைத் தொங்க விடுங்கள். அம்மா முதலில் வெட்கப்பட்டார். கதவை உடைத்ததை ஞாபகப்படுத்தியதும் சரி என்றார்.

சரி, எண்ணெய் முழுக்கை நிறுத்திவிட்டேனா? இல்லை. தேரையரின் பிணியணுகா விதியில் நாலு நாளைக்கு ஒரு முறை எண்ணெய் முழுக்கு உண்டு. அதை விடுவானேன்? ஆனால் முறையை மாற்றினேன். உலர்ந்த தரையில், நாற்காலியில் உட்கார்ந்து தேய்த்துக்கொள்ள வேண்டும். உள்ளங்காலில் தேய்க்கக் கூடாது. தேய்த்தே ஆக வேண்டும் என்றால் எழும் முன் பழந்துணியால் அழுத்தித் துடைத்து, ரப்பர் செருப்புப் போட்டுக்கொள்ள வேண்டும். வீட்டில் இன்னொரு ஆள் இருக்கும் நாளில்தான் முழுக்கு. வெந்நீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் தலை சுற்றும். அம்மாவுக்கு வாரம் ஒன்று என்று குறைத்துவிட்டேன்.

நடுராத்திரி இரண்டு மணி

தூக்கத்திலிருந்து சட்டென்று எழுந்து நின்றால் ரத்தம் காலுக்கு இறங்கும். இளம் வயதில் ரத்தக்குழாய்கள் உடனே சுருங்கிச் சமாளித்துவிடும். வயதானால் அந்த வேகம் குறைகிறது. மூளைக்கு ரத்தம் போதாமல் கண் இருட்டும். பிரஷர், புராஸ்டேட், தூக்கம், மன அழுத்தம் ஆகியவற்றுக்கான மாத்திரைகள் சில இதை அதிகமாக்கும்.

வீட்டில் பிரஷர் பார்க்கிற கருவி இருக்கிறதா? படுத்திருக்கும்போது ஒரு தடவை, எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் ஒரு தடவை பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் டாக்டரிடம் அந்தக் கணக்கைக் காட்டுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அது விழுவதைவிடப் பெரிய ஆபத்தில் கொண்டு விடும்.

பழக்கம் ஒன்று வேண்டும். விழித்ததும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் இருபது தடவை ஆட்டி, ஒரு நிமிடம் கழித்துத்தான் எழுந்திருக்க வேண்டும். கட்டில் உயரம் முக்கியம். உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிய வேண்டும். கட்டிலிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு எரியட்டும். இன்றைய எல்.இ.டி. பல்புக்குக் கரண்டு செலவு சொற்பம். தலையணைக்கு அடியில் ஒரு டார்ச்.

எங்கள் வைத்தியத்தின் மேலும் ஒரு புகார் சொல்கிறேன். சிறுநீர்க் கடுப்புக்கு நெருஞ்சில் குடிநீரைக் கொடுக்கிறோம், நல்லது. அதைச் சாயங்காலம் ஆறு மணிக்குக் குடித்தால் ராத்திரி நாலு தடவை எழுந்திருக்காமல் என்ன செய்வார்? பகலிலேயே கொடுத்துவிட வேண்டும். மலச்சிக்கலுக்கு நிலாவாரைச் சூரணத்தை ராத்திரி தாராளமாகக் கொடுத்தால் விடிகாலை இருட்டில் ஓட வேண்டியிருக்கும். இருமலுக்கு அதிமதுரம் என்று மாதக்கணக்கில் சாப்பிட்டால் பிரஷர் ஏறலாம், உடம்பில் பொட்டாசியம் குறைந்து கால் தளரலாம். 'மூலிகைதானே, ஒண்ணும் பண்ணாது' என்பது தவறு. ஒன்றும் பண்ணாததை ஏன் கொடுக்கிறோம்? இங்கிலீஷ் டாக்டரிடம் எங்கள் மருந்தைச் சொல்லுங்கள், எங்களிடம் அவர் மாத்திரையைக் காட்டுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவையாவது எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போய், 'இதில் இன்னும் எதெல்லாம் வேண்டும்?' என்று கேளுங்கள்.

மற்ற அறைகள்

சட்டென்று சொல்லிவிடுகிறேன். சுருண்டு கிடக்கிற கால்மிதி, தரையில் ஓடுகிற ஒயர், நடைபாதையில் செய்தித்தாள் கட்டு மூன்றையும் அப்புறப்படுத்துங்கள். படியின் விளிம்பில் மஞ்சள் பெயிண்டால் இரண்டு அங்குலக் கோடு போடுங்கள். பார்வை மங்கியவருக்கு ஒரே நிறப் படிகள் ஒரே தளமாகத் தெரியும். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்த கண்ணாடி போட்டவர்கள் இறங்கும்போது கீழ்ப்பாகம் வழியாகப் பார்க்க, படி கலங்கித் தெரியும். தலையைக் குனிந்து மேல்பாகம் வழியாகப் பார்த்து இறங்கச் சொல்லுங்கள். கண்புரை இருந்தால் தள்ளிப் போடாதீர்கள். தேய்ந்த ஹவாய் செருப்பைத் தூக்கி எறியுங்கள். காலில் தடுக்கும் நைட்டி, தரையில் புரளும் வேட்டி இரண்டையும் நாலு விரற்கடை தூக்கிக் கட்டச் சொல்லுங்கள்.

சமையலறையில் தினமும் புழங்குகிற டப்பாக்களை இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே வையுங்கள். பரணிலிருந்து எதையும் எடுக்கப் பெரியவர்கள் ஸ்டூல் மேல் ஏறக் கூடாது. ஆனால் 'நீங்க உக்காருங்கம்மா, நாங்க பாத்துக்கறோம்' என்று சமையலையே பிடுங்கிவிடாதீர்கள். காய் நறுக்குவது, கீரை ஆய்வது, பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது எல்லாம் தசைக்கு வேலை. விழுந்து எழுந்தவர்களுக்குப் பயம் வரும். பயத்தில் நடையைக் குறைப்பார்கள். நடை குறைந்தால் தொடை மெலியும். தொடை மெலிந்தால் மறுபடி விழுவார்கள். பிள்ளைகளின் அன்பும் சில நேரம் இந்தச் சுற்றில்தான் தள்ளிவிடுகிறது.

காலுக்குப் பலம்

ஒரு சின்னப் பரீட்சை. நாற்காலியில் உட்கார வைத்து, பத்தடி தூரத்தில் ஒரு கோடு போடுங்கள். எழுந்து, வழக்கமான வேகத்தில் கோடு வரை நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் வாய்ப்பு அதிகம் என்று கொள்ளலாம். நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள்.

மருந்து இதற்கு வேறொன்றும் இல்லை, பயிற்சிதான். கை வைத்த, உறுதியான நாற்காலியைச் சுவரோரம் போட்டு, மெதுவாக எழுந்து மெதுவாக உட்காருவது காலை பத்து, மாலை பத்து. முதலில் கையை ஊன்றி, பழகிய பிறகு ஊன்றாமல். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நிற்பது பத்து. அதே மேடையைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் பத்து விநாடி. கரண்டு கட்டணம் இல்லாத ஜிம்! அம்மாவுக்குக் கட்டுப் பிரித்த பிறகு இதைச் சொல்லிக் கொடுத்தேன். இட்லி வேகும் நேரத்தில் செய்துவிடுவதாகச் சொன்னார்.

சாப்பாட்டில் பெரியவர்கள் செய்கிற தவறு இரண்டு இட்லி, ஒரு காபி என்று சுருக்கிக்கொள்வது. தசைக்குப் புரதம் வேண்டும். பருப்பு, பயறு, சுண்டல், தயிர், சாப்பிடுகிறவர்கள் முட்டை, மீன் என்று தினமும் ஏதாவது இருக்கட்டும். எலும்புக்குக் கேழ்வரகு. 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, அரிசியில் அதில் ஒரு சிறு பங்குகூடக் கிடையாது. பிரண்டைத் துவையல் எலும்புக்கு நல்லது என்பது எங்கள் மரபு. நானும் வாரம் இரண்டு நாள் சாப்பிடச் சொல்கிறேன். ஆனால் எலும்பு மிகவும் தேய்ந்தவருக்குப் பிரண்டை மட்டும் போதும் என்று சொல்ல மாட்டேன். வெயில் படாமல் வீட்டுக்குள்ளேயே இருப்பவர்கள் வைட்டமின் டி அளவைப் பார்த்துவிடுங்கள். 'மெத்தை மேல நடக்கற மாதிரி இருக்கு' என்று யாராவது சொன்னால் சர்க்கரையும் வைட்டமின் பி12-ம் பார்க்க வேண்டும். சுத்த சைவர்களுக்குப் பி12 குறைவது சகஜம்.

மீறி விழுந்துவிட்டால்

முதலில், ஓடிப்போய் அக்குளில் கை கொடுத்துத் தூக்காதீர்கள். ஒரு நிமிடம் அப்படியே விடுங்கள். எங்கே வலி என்று கேளுங்கள். ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் இடுப்பெலும்பு முறிவாக இருக்கலாம். அசைக்காமல் 108-க்குப் போன் செய்யுங்கள். நீவல், உருவல், வர்மம், ஒத்தடம் எதுவும் வேண்டாம். வர்மம் படித்தவன் நான், அதனால்தான் சொல்கிறேன். எலும்பு ஒழுங்காக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் கைவைத்தியம். தலையில் அடிபட்டு, அவர் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால், நன்றாகப் பேசினாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உள்ளே மெதுவாக ரத்தம் கசியலாம்.

அடி ஒன்றுமில்லை என்றால் அவரே எழும் முறை இருக்கிறது. ஒரு பக்கமாகப் புரண்டு, முழங்கையை ஊன்றி, குழந்தை மாதிரி நாலு காலில் தவழ்ந்து, உறுதியான நாற்காலியிடம் போக வேண்டும். இரண்டு கையையும் அதில் வைத்து, பலமான காலை முன்னால் ஊன்றி எழுந்து, திரும்பி உட்கார வேண்டும். இதை நல்லபடியாக இருக்கும்போதே ஒரு நாள் பாய் விரித்துப் பழக்கிவிடுங்கள். எழ முடியாமல் மணிக்கணக்கில் ஈரத்தரையில் கிடப்பதால் வருகிற கெடுதல், விழுந்த அடியைவிடப் பெரிதாகப் போவதுண்டு.

தனியாக இருப்பவர்கள் செல்போனை டி.வி. மேல் வைக்கக் கூடாது. சின்னத் துணிப்பை தைத்துக் கழுத்திலோ இடுப்பிலோ மாட்டிக்கொள்ளட்டும், குளியலறைக்கும்தான். பெரிய பட்டன் உள்ள சாதா போன் போதும். ஒரு எண்ணை அழுத்தினால் பக்கத்து வீட்டுக்குப் போகட்டும், இன்னொன்று உங்களுக்கு. வீட்டுச் சாவி ஒன்று பக்கத்து வீட்டில் இருக்க வேண்டும். அம்மா பால் வாங்கும் பையனிடம் சொல்லி வைத்திருக்கிறோம்: காலை ஏழு மணிக்கு முந்தின நாள் தூக்குப் பாத்திரம் வெளியே வந்திருக்காவிட்டால் அக்கா வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். கடந்த ஒன்பது ஆண்டுகளில் இரண்டு தடவை தட்டியிருக்கிறான். ஒரு தடவை அம்மா காய்ச்சலில் படுத்திருந்தார். இன்னொரு தடவை சும்மா தூங்கிப் போய்விட்டார், பையனுக்குத் திட்டு விழுந்தது.

தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன, நடமாட முடியாதவர்களுக்கு இயன்முறைப் பயிற்சியும் உண்டு. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். முதியோருக்கான இலவச உதவி எண் 14567. கதவில் ஒட்டி வையுங்கள், எழுத்து பெரிதாக இருக்கட்டும்.

முதலில் சொன்ன பெரியவர் போன வாரம் மறுபடி வந்தார். இடுப்பில் பெல்ட். வலி பாதியாகக் குறைந்திருந்தது. புது பிரஷர் மாத்திரையை அவருடைய டாக்டர் மாற்றியிருக்கிறார். மருமகள், "கால்மிதிய எடுத்துட்டேன் டாக்டர், கம்பி போட ஆள் வரச் சொல்லியிருக்கேன்" என்றார். பெரியவர் என் பக்கம் குனிந்து ரகசியமாகக் கேட்டார்: "ராத்திரி லைட்ட மட்டும் அணைச்சுக்கலாமா டாக்டர்? தூக்கம் வரமாட்டேங்குது." படுக்கையறையில் வேண்டாம், நடையில் மட்டும் எரியட்டும் என்றேன். அதற்கு ஒத்துக்கொண்டார்.